மாவு விற்ற கால் மணி நேரம்: ஹெலனா நகரத்து கே.எஃப்.எஃப்.ஏ வானொலியின் கதை

மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே உள்ள அமெரிக்க வானொலி நிலையங்களின் பெயர் பெரும்பாலும் ‘கே’ என்ற எழுத்தில் தொடங்கும். கிழக்கே உள்ளவை ‘டபிள்யூ’வில் தொடங்கும். ஆர்கன்சா மாநிலத்து ஹெலனா, ஆற்றின் மேற்குக் கரையை ஒட்டிய ஒரு சின்னத் துறைமுக ஊர். 1941 நவம்பரில் அங்கே ஒரு வர்த்தக வானொலி தொடங்கியபோது முதல் எழுத்து தானாகவே ‘கே’ ஆயிற்று. மீதி மூன்று எழுத்துகள் நிலையத்தைத் தொடங்கிய மூன்று பேருடையவை: ஃபிராங்க்ளின், ஃபிளாய்ட், ஆண்டர்சன். கே.எஃப்.எஃப்.ஏ என்ற பெயர் அப்படி வந்தது. ஊரின் மக்கள்தொகை அப்போது பத்தாயிரத்தைத் தொடவில்லை. நிலையத்தின் திறன் 250 வாட். நம் வீட்டு மிக்சி இதைப் போல இரண்டு மடங்கு மின்சாரம் இழுக்கும்.

அந்த 250 வாட்டில் கிளம்பிய ஒரு கால் மணி நேர நிகழ்ச்சிக்கு ‘கிங் பிஸ்கட் டைம்’ என்று பெயர். பி.பி. கிங், மடி வாட்டர்ஸ், ஐக் டர்னர், லெவன் ஹெல்ம் என்று பிற்பாடு உலகம் அறிந்த இசைக்கலைஞர்கள் பலர் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ப்ளூஸ் இசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த நிகழ்ச்சியைத் தொட்டுத்தான் போகிறார்கள். ஆனால் கலைஞர்களின் பெருமையைச் சொல்லும் வேகத்தில் மாவு வியாபாரியை இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ இந்தக் கதையின் அச்சாணி அந்த வியாபாரிதான் என்று படுகிறது. அவரைப் புரிந்துகொண்டால்தான், அந்த ஊரில் அந்தக் காலத்தில் நடக்க வாய்ப்பே இல்லாத ஒன்று எப்படி நடந்தது என்பது பிடிபடும்.

வாய்ப்பே இல்லாத ஒன்று என்று ஏன் சொல்கிறேன்? ஹெலனா, பிலிப்ஸ் மாவட்டத்தின் தலைநகர். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தி. நிலம் வெள்ளையருடையது, உழைப்பு கறுப்பினக் குடும்பங்களுடையது. விதையும் கோவேறு கழுதையும் வீட்டுச் சாமானும் கடனாக வரும். அறுவடை முடிந்ததும் விளைச்சலில் ஒரு பங்கு உழைத்தவனுக்கு என்பது பேச்சு. கணக்கு எழுதுவது முதலாளி என்பதால் ஆண்டுக் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் கடன்தான். 1919இல் இதே மாவட்டத்தில், ஹெலனாவுக்குத் தெற்கே எலைன் என்ற இடத்தில், இப்படிப் பங்குக்கு உழைத்த கறுப்பின விவசாயிகள் ஒரு சங்கம் அமைத்துப் பருத்திக்கு நியாய விலை கேட்டார்கள். அதற்குக் கிடைத்த பதில் படுகொலை. வெள்ளையர் கும்பல்களும் வரவழைக்கப்பட்ட படைவீரர்களும் நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களைக் கொன்றார்கள். எண்ணிக்கை அதைவிட எவ்வளவோ அதிகம் என்பாரும் உண்டு. பிழைத்தவர்களில் பன்னிரண்டு பேருக்கு ஹெலனா நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அந்த விசாரணை முறையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1923இல் ஏற்க மறுத்த பிறகே அவர்கள் உயிர் தப்ப வழி பிறந்தது.

அந்த நீதிமன்றம் இருந்த ஊரில், அந்த நாட்களுக்கு 22 ஆண்டுகள் கழித்து, தினமும் மதியம் இரண்டு கறுப்பின இசைக்கலைஞர்கள் மைக் முன்னால் உட்கார்ந்து தங்கள் சொந்தப் பாட்டைப் பாடினார்கள். வாக்குரிமை அப்போதும் கைக்கு எட்டாத தூரத்தில்தான் இருந்தது. ரயிலில் தனிப் பெட்டி, உணவகத்தில் தனி வாசல் எல்லாம் அப்படியே இருந்தன. காற்றலையில் மட்டும் ஒரு கதவு திறந்தது.

அந்தக் கதவை மாவு திறந்தது.

நாம் பிஸ்கட் என்று சொல்வது வேறு, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பிஸ்கட் என்று சொல்வது வேறு. அங்கே அது மாவில் கொழுப்பும் மோரும் சேர்த்துப் பிசைந்து, வட்டமாக வெட்டி, அடுப்பில் வைத்து எடுக்கும் மெத்தென்ற ரொட்டி. சுடச்சுடப் பிட்டு, குழம்பிலோ வெல்லப்பாகிலோ தொட்டுச் சாப்பிடுவார்கள். நம் வீடுகளில் இட்லிக்கு உள்ள இடம் அங்கே அதற்கு. எல்லா வீட்டிலும் அன்றாடம் செய்வார்கள் என்பதால் மாவு மூட்டை மூட்டையாகப் போகும். கிராமத்து மளிகை வியாபாரத்தின் முதுகெலும்பே மாவுதான். ஒரு மாவுக்கும் இன்னொரு மாவுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது; பெயர் மனதில் பதிந்துவிட்டால் ஆயுசுக்கும் அதையே வாங்குவார்கள். வானொலி விளம்பரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு இருக்க முடியாது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அன்றைய அமெரிக்க வர்த்தக வானொலியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் தனியார் வானொலி 2001இல்தான் வந்தது என்பதால் நமக்கு இது பழக்கமில்லாத ஏற்பாடு. அங்கே 1920களிலிருந்தே அலைவரிசைக்கு உரிமம் கொடுப்பது மட்டும் அரசின் வேலை. நிலையம் தனியாருடையது, செலவு விளம்பரதாரருடையது. இன்றுபோல நிகழ்ச்சிக்கு நடுவே பத்து விளம்பரம் செருகுவது அப்போது பெருவழக்கு இல்லை. ஒரு நிகழ்ச்சி முழுவதையும் ஒரே கம்பெனி வாங்கிக்கொள்ளும், நிகழ்ச்சியின் பெயரிலேயே சரக்கின் பெயர் இருக்கும். இலங்கை வானொலியில் ஒரு பற்பசையின் பெயரோடு வந்த ‘பினாகா கீத் மாலா’வை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். இந்த முறையில் ஒரு விசித்திரமான ஜனநாயகம் உண்டு. எந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்பதை ரசனையோ கொள்கையோ முடிவு செய்வதில்லை. அந்தக் கால் மணி நேரத்துக்குக் காசு கொடுக்க ஒருவர் இருக்கிறாரா என்பதே கேள்வி.

ஹெலனாவில் அந்தக் கேள்வி வந்த விதம் இது. நிலையம் தொடங்கிய புதிதில் இரண்டு பேர் வாய்ப்புக் கேட்டு வந்தார்கள். ஒருவர் மௌத் ஆர்கன் வாசிப்பவர். ரைஸ் மில்லர், அலெக் மில்லர் என்று பல பெயர்களில் ஊர் ஊராகத் திரிந்தவர். பிறந்த ஆண்டு எது என்பதில் இன்றும் ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. மற்றவர் ராபர்ட் லாக்வுட் ஜூனியர், 26 வயது கிதார்க்காரர். ப்ளூஸ் உலகின் பெரும்பெயரான ராபர்ட் ஜான்சன், லாக்வுட்டின் தாயோடு ஹெலனாவில் வாழ்ந்தவர். லாக்வுட் கிதார் கற்றது நேரடியாக அவரிடம். இருவரும் கேட்டது சம்பளம்கூட இல்லை. வாசிக்கிறோம், எந்தக் கிராமத்தில் எந்த இரவு எங்கள் கச்சேரி என்பதை மட்டும் சொல்ல விடுங்கள் என்றார்கள். நிலையத்தை நடத்திய சாம் ஆண்டர்சன், விளம்பரதாரர் வேண்டுமே என்றார். இன்டர்ஸ்டேட் குரோசரி என்ற மளிகை மொத்த வியாபாரக் கம்பெனியின் மேக்ஸ் மூரிடம் அவர்களை அனுப்பினார். மூரின் கிடங்கில் இருந்த சரக்கு, ‘கிங் பிஸ்கட்’ என்ற மாவு.

மூர் ஒத்துக்கொண்டார். அவர் மனதில் என்ன இருந்தது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. அவர் செய்ததை மட்டும் பார்க்கலாம். டெல்டா என்று அழைக்கப்படும் அந்த வண்டல் சமவெளியில் பல ஊர்களில் கறுப்பின மக்களே பெரும்பான்மை. அவர்கள் எல்லோரும் மாவு வாங்குகிறவர்கள். அவர்கள் காதில் விழும்படி அவர்கள் இசையில் பேசிய வியாபாரி அதுவரை அந்த வட்டாரத்தில் இல்லை. மூர் பேசினார். வாக்காளராக அவர்களை யாரும் கணக்கில் எடுக்காத காலத்தில் வாடிக்கையாளராக ஒருவர் கணக்கில் எடுத்தார். இதை மனிதநேயம் என்று தூக்கிப் பிடிக்கவும் எனக்கு மனம் வரவில்லை, வெறும் லாபக் கணக்கு என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை. கதவு எதற்காகத் திறந்தாலும், உள்ளே போனவர்கள் போனவர்கள்தான்.

1941 நவம்பர் 21 அன்று முதல் ஒலிபரப்பு. மில்லருக்கு அதற்குள் இன்னொரு பெயர் வந்து சேர்ந்திருந்தது: சன்னி பாய் வில்லியம்சன். அந்தப் பெயரில் ஏற்கெனவே சிகாகோவில் ஒரு மௌத் ஆர்கன் கலைஞர் இசைத்தட்டுகள் வெளியிட்டுப் புகழோடு இருந்தார். அவருடைய பெயரை இவர் எடுத்துக்கொண்டதில் நியாயம் ஏதும் இல்லை. ஆனால் ஹெலனாவின் 250 வாட் சிகாகோவை எட்டாது. வரலாற்று நூல்கள் இன்று ஒருவரை முதலாம் சன்னி பாய் என்றும் இவரை இரண்டாம் சன்னி பாய் என்றும் எண் போட்டுப் பிரிக்கின்றன.

நேரம் மதியம் 12:15. வயலில் உச்சிவேளைச் சாப்பாட்டு நேரம் அது. பஞ்சு எடுக்கிறவர்களும் களை வெட்டுகிறவர்களும் நிழலுக்கு ஒதுங்கும் நேரத்தைப் பார்த்து வைத்த நேரம். மின்சாரம் போய்ச் சேராத குடிசைகளில் பேட்டரி ரேடியோ இருந்தது. ஒரு வீட்டில் இருந்தால் அக்கம்பக்கம் எல்லாம் கூடிவிடும். தொழில்நுட்பமும் இந்த நேரத்துக்குத் துணை நின்றது, இதை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் சின்ன ஊர்களுக்கென்று ஆறு மத்திய அலை அலைவரிசைகளை ஒதுக்கியிருந்தார்கள். நாடு முழுக்க உள்ள சிறு நிலையங்கள் எல்லாம் அந்த ஆறையே பங்கு போட்டுக்கொண்டன. இரவானால் மத்திய அலை வானத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும். எங்கெங்கோ உள்ள நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இரைச்சல்தான் மிஞ்சும். பகலில் அலை தரையோடு ஊர்ந்து போகும், குறுக்கீடு இல்லை. போதாததற்கு டெல்டா, மேடு பள்ளமில்லாத ஈர வண்டல் பூமி. உச்சிப்பொழுதில் அந்தச் சின்ன நிலையம் ஆற்றைத் தாண்டி மிசிசிப்பி மாநிலத்துக்குள் பல மைல் தூரம் தெளிவாகக் கேட்டது.

நிகழ்ச்சியின் அமைப்பு எளிமையானது. தொடக்க இசை, அறிவிப்பாளரின் வரவேற்பு, ஒரு பாட்டு, மாவைப் பற்றி நாலு வார்த்தை, மறுபடி பாட்டு, இன்றிரவு கச்சேரி எங்கே என்ற தகவல், கடைசியில் இன்னொரு பாட்டு. அறிவிப்பாளர் வெள்ளையர், ஆரம்ப ஆண்டுகளில் இருந்தவர்களில் ஒருவர் ஹியூ ஸ்மித். விளம்பர வாசகம் அறிவிப்பாளர் வாயில், இசை கலைஞர்கள் கையில். அந்தக் காலத்து வேலி ஸ்டுடியோவுக்குள்ளும் இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

ஆனால் அந்தச் சிறு அறைக்குள் இசையில் ஒன்று நடந்தது. டெல்டா ப்ளூஸ் என்றால் அதுவரை பெரும்பாலும் ஒற்றை ஆள், ஒற்றைக் கிதார், ஒரு வராந்தா. இங்கே மௌத் ஆர்கனோடு லாக்வுட்டின் மின்கிதார் சேர்ந்தது. அந்தப் பக்கத்துக் கிராமவாசிகள் பலருக்கு மின்கிதாரின் ஒலி முதன்முதலில் காதில் விழுந்ததே இந்த நிகழ்ச்சியில்தான் என்று சொல்வார்கள். சீக்கிரமே பெக் கர்ட்டிஸ் டிரம்ஸோடு வந்தார், டட்லோ டெய்லர் பியானோவுக்கு வந்தார், பிறகு பைன்டாப் பெர்கின்ஸ், ஹூஸ்டன் ஸ்டாக்ஹவுஸ், ஜோ வில்லி வில்கின்ஸ் என்று ஒரு குழுவே உருவாயிற்று. ‘கிங் பிஸ்கட் என்டர்டெயினர்ஸ்’ என்று மாவின் பெயரையே சூடிக்கொண்ட குழு. மௌத் ஆர்கன், மின்கிதார், பியானோ, டிரம்ஸ் என்ற இந்தச் சேர்க்கையைத்தான் பத்தாண்டு கழித்து உலகம் சிகாகோ ப்ளூஸ் என்று கொண்டாடியது. சிகாகோவில் மௌத் ஆர்கனுக்குப் புது இலக்கணம் எழுதிய லிட்டில் வால்டர், பதின்ம வயதில் ஹெலனாவுக்கு வந்து சன்னி பாயிடம் வித்தையைப் பார்த்துக் கற்றவர்.

அதே 1941 ஆகஸ்டில், ஆற்றுக்கு அக்கரையில் ஸ்டோவல் பண்ணையில், மடி வாட்டர்ஸ் என்ற இளைஞரின் பாட்டை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக ஒரு குழு பதிவு செய்தது. அந்தப் பதிவுகள் வாஷிங்டன் ஆவணக் காப்பகத்துக்குப் போயின. அறிஞர்கள் இன்றும் பொன்போலப் போற்றுகிறார்கள். மூன்று மாதம் கழித்துத் தொடங்கிய ஹெலனா ஒலிபரப்பு நேரடி என்பதால், வாசித்த மறுநொடியே காற்றோடு போயிற்று. இரண்டும் ஒரே மண்ணின் இசை. ஆனால் வயலில் இருந்தவர்களுக்கு எட்டியது இரண்டாவதுதான். மடி வாட்டர்ஸுக்கே எட்டியது. அவர் 1943இல் சிகாகோவுக்கு ரயிலேறும்வரை அந்த ஒலி அவர் மதியச் சாப்பாட்டோடு கலந்திருந்தது.

இன்னொரு சூழலும் நிகழ்ச்சிக்குக் கைகொடுத்தது. 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கு எதிராக வேலைநிறுத்தம் தொடங்கியது. போர்க்காலத்தில் இசைத்தட்டு செய்யும் அரக்குக்கும் தட்டுப்பாடு. புதிய இசைத்தட்டு வருவது அருகிப்போன அந்த நாட்களில் தினமும் உயிரோடு ஒலித்தது உள்ளூர் வானொலிதான். சன்னி பாய் தன் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தது 1951இல். பத்தாண்டு காலம் ஒரு தட்டுகூட இல்லாமல், வானொலியாலும் இரவுக் கச்சேரிகளாலும் மட்டுமே டெல்டா முழுவதும் பெயர் பெற்றவராக இருந்திருக்கிறார். இந்த ஒரு விஷயத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கலைஞனின் புகழை அவன் விட்டுச்சென்ற பதிவுகளை வைத்தே அளக்கிற நமக்கு, அந்தப் பத்தாண்டின் ஒலி முழுக்கக் கைநழுவிப் போய்விட்டது.

மாவு நன்றாக விற்றது. சோள மாவுக்குக் கலைஞரின் பெயரையே வைத்து ‘சன்னி பாய்’ என்று மூர் விற்கத் தொடங்கினார். மூட்டையின்மேல் படம்: ஒரு சோளக்கதிரின்மேல் மௌத் ஆர்கனோடு உட்கார்ந்திருக்கும் சன்னி பாய். 1940களின் தென் மாநிலங்களில் மளிகைப் பொருள்களின்மேல் கறுப்பின முகங்கள் இருந்தது உண்டு, பெரும்பாலும் சமையற்காரி, வேலையாள் என்ற வேடத்தில். இங்கே இருந்தது பெயர் தெரிந்த ஒரு மனிதரின் உருவம், அவருடைய வாத்தியத்தோடு. குழு லாரியில் ஏறிக் கிராமத்து மளிகைக்கடை வாசல்களில் வாசிக்கும்; கூட்டம் கூடும்; மாவு போகும். கலைஞர்களின் கைக்கு வந்த காசு சொற்பம். அவர்கள் பிழைத்தது இரவுக் கச்சேரியில், அந்தக் கச்சேரிக்கு ஆள் சேர்த்தது மதிய ஒலிபரப்பு. விளம்பரம் இரண்டு பக்கமும் ஓடியது: கம்பெனி மாவை விற்க இவர்களைப் பயன்படுத்தியது; இவர்கள் தங்கள் இரவுகளை விற்க மாவைப் பயன்படுத்தினார்கள்.

போட்டிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? ‘மதர்ஸ் பெஸ்ட்’ என்ற மாவு, லாக்வுட்டைத் தன் பக்கம் இழுத்து அதே நிலையத்தில் தனி நிகழ்ச்சி கொடுத்தது. ‘பிரைட் ஸ்டார்’ மாவுக்கு ராபர்ட் நைட்ஹாக் வாசித்தார். மாவுக் கம்பெனிகளின் சண்டையில் ஹெலனாவின் ப்ளூஸ் கலைஞர்களுக்கு மேடைகள் பெருகின. சன்னி பாய் காற்றாடி மாதிரி, நினைத்தால் கிளம்பிப் போய்விடுவார், நினைத்தால் வருவார். அவர் இல்லாத நாட்களில் நிகழ்ச்சியைக் கட்டிக்காத்தவர்கள் பெக் கர்ட்டிஸும் டட்லோ டெய்லரும். இவர்கள் பெயரை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம்.

கேட்டவர்கள் கதை தனி. இண்டியனோலா பக்கத்துப் பண்ணையில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் மதிய இடைவேளையில் இதைக் கேட்டு வளர்ந்தார். 1940களின் இறுதியில், சன்னி பாய் மேற்கு மெம்ஃபிசின் கே.டபிள்யூ.இ.எம் நிலையத்தில் ஹடகால் என்ற மருந்துச் சரக்குக்காக வாசித்துக்கொண்டிருந்தபோது, அந்த இளைஞர் நேரே போய் ஒரு பாட்டுப் பாட அனுமதி கேட்டார். சன்னி பாய் பாட விட்டார். அன்றிரவுக் கச்சேரி ஒன்றையும் அவருக்கே கொடுத்தார். அவர்தான் பி.பி. கிங். கிளார்க்ஸ்டேல் சிறுவன் ஐக் டர்னர் பியானோ கற்றது, இந்த நிகழ்ச்சியில் வாசித்த பைன்டாப் பெர்கின்ஸிடம். ஹெலனாவுக்கு அருகே டர்க்கி ஸ்க்ராட்ச் என்ற குக்கிராமத்தில் பருத்திக் குடியானவரின் மகனாக வளர்ந்த லெவன் ஹெல்ம் என்ற வெள்ளைச் சிறுவன், ஸ்டுடியோவுக்கே வந்து பெக் கர்ட்டிஸ் டிரம்ஸ் வாசிப்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பான். பிற்காலத்தில் ‘த பேண்ட்’ என்ற ராக் குழுவின் டிரம்மர். அதே நிலையத்தில் சனிக்கிழமைகளில் தன் நாட்டுப்புற இசைக்குழுவோடு பாடிய இன்னொரு ஹெலனாச் சிறுவன் ஹெரால்ட் ஜென்கின்ஸ். கான்வே ட்விட்டி என்று பின்னாளில் பெயர் மாற்றிக்கொண்டு கண்ட்ரி இசையில் உச்சத்துக்குப் போனவர். சாலையில் பிரித்து வைத்த இரண்டு இனங்களின் இசை, ஒரே நிலையத்தின் ஒரே அலையில் வெவ்வேறு நேரங்களில் வந்துபோயிற்று. ரேடியோ குமிழுக்குத் தனி வாசல் கிடையாது.

ஹெலனாவின் வெற்றிக்குப் பிறகு டெல்டாவில் மற்ற நிலையங்களும் இந்த வழிக்கு வந்தன. கிளார்க்ஸ்டேலின் டபிள்யூ.ஆர்.ஓ.எக்ஸ் 1947இல் எர்லி ரைட் என்ற கறுப்பினத்தவரை அறிவிப்பாளராக்கியது. மெம்ஃபிசின் டபிள்யூ.டி.ஐ.ஏ 1948இல் நாட் வில்லியம்ஸை மைக் முன் உட்கார வைத்தது. வெகுவிரைவில் ஒலிபரப்பு முழுவதையுமே கறுப்பின நேயர்களுக்காக மாற்றியது. அந்த நிலையத்தின் முதலாளிகளும் வெள்ளையர்களே, காரணமும் விளம்பர வருமானமே. 1954இல் அதன் திறன் 50,000 வாட் ஆயிற்று. ஹெலனாவைப்போல 200 மடங்கு. இந்த நிலையங்களில் ஒரு படி கூடுதலாக நடந்தது: பாட்டு மட்டுமல்ல, பேச்சும் கறுப்பினத்தவரின் கைக்கு வந்தது. ஹெலனாவில் அந்தப் படி அப்போது ஏறப்படவில்லை. முன்னோடி என்று புகழும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

பிறகு வந்த சரிவுக்கு வானொலி காரணமில்லை. 1944 அக்டோபரில் கிளார்க்ஸ்டேல் அருகே ஹாப்சன் பண்ணையில், பருத்தி எடுக்கும் இயந்திரத்தை ஊரைக் கூட்டி ஓட்டிக் காட்டினார்கள். ஐம்பது பேர் செய்யும் வேலையை ஒரு இயந்திரம் செய்தது. அடுத்த இருபதாண்டில் வயல்கள் காலியாயின. குடும்பம் குடும்பமாக செயின்ட் லூயிக்கும் சிகாகோவுக்கும் போனார்கள். மதியம் 12:15க்கு நிழலுக்கு ஒதுங்க ஆளே இல்லாத வயலில் யாருக்காகப் பாடுவது? கூடவே தொலைக்காட்சி வந்தது. சிறு நிலையங்கள் செலவைக் குறைக்க நேரடி இசையைக் கைவிட்டு இசைத்தட்டுக்கு மாறின. மாவு பிசைந்த வீடுகளில் கடை ரொட்டி புகுந்தது. வயலும் நேயரும் சரக்கும் ஒரே தலைமுறையில் நழுவிப்போயின.

சன்னி பாய் 1963இல் ஐரோப்பாவுக்குப் போனார். இரண்டு நிறத் துணியில் தைத்த கோட்டு, வட்டத் தொப்பி என்று லண்டன் இளைஞர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். யார்ட்பேர்ட்ஸ், அனிமல்ஸ் போன்ற புதிய ராக் குழுக்கள் அவருக்குப் பக்கவாத்தியம் வாசித்தன. அங்கேயே தங்கியிருக்கலாம். அவர் ஹெலனாவுக்குத் திரும்பி வந்து, பழையபடி மதியம் 12:15க்கு மாவு விற்க உட்கார்ந்தார். 1965 மே மாத ஒலிபரப்பு ஒன்றை கிரிஸ் ஸ்ட்ராக்விட்ஸ் என்ற இசைச் சேகரிப்பாளர் பதிவு செய்திருக்கிறார், இன்றும் கேட்கக் கிடைக்கிறது. அதே மே 25 அன்று நிகழ்ச்சி நேரம் ஆகியும் அவர் வரவில்லை. தேடிப் போன பெக் கர்ட்டிஸ், வாடகை அறையில் அவர் உறக்கத்திலேயே இறந்துகிடப்பதைப் பார்த்தார். ஐரோப்பாவையே பார்த்துவிட்டு வந்த மனிதர் ஏன் அந்தக் கால் மணி நேரத்துக்குத் திரும்பினார் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். அவரை அவருடைய மக்களுக்கு அறிமுகம் செய்த இடம் அது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

நிகழ்ச்சி அதன்பின்னும் நடந்ததற்குக் காரணம் இன்னொரு சன்னி. சன்னி பெய்ன், ஹெலனாவில் பிறந்த வெள்ளையர். நிலையம் தொடங்கியபோது பதின்ம வயதில் அங்கே எடுபிடி வேலை பார்த்தவர். மில்லரும் லாக்வுட்டும் வாய்ப்புக் கேட்டு வந்தபோது பக்கத்தில் இருந்தவர். போருக்குப் போய்த் திரும்பி, 1951இல் கிங் பிஸ்கட் டைமின் அறிவிப்பாளர் ஆனார். இடையில் சில ஆண்டுகள் நிகழ்ச்சி நின்றிருந்தது. அதைத் தவிர 2018 பிப்ரவரியில் 92 வயதில் இறக்கும்வரை அந்த நாற்காலி அவருடையதுதான். நேரடி இசை போய் இசைத்தட்டு வந்த பிறகும், ஒவ்வொரு நாளும் இது எத்தனையாவது ஒலிபரப்பு என்று எண் சொல்லித் தொடங்குவார். 2014இல் அந்த எண் 17,000ஐ எட்டியது. 1992இல் வானொலி உலகின் பெருமைமிக்க பீபடி விருது நிகழ்ச்சிக்குக் கிடைத்தது.

ஊரின் நிலைமை வேறு திசையில் போயிற்று. பக்கத்து வெஸ்ட் ஹெலனாவில் பலருக்குச் சோறு போட்ட மோஹாக் ரப்பர் ஆலை 1979இல் மூடப்பட்டது. செர்ரி தெருவின் கடைகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. 2006இல் இரண்டு ஊர்களையும் இணைத்து ஒன்றாக்கினார்கள். இணைந்த பிறகும் 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை பத்தாயிரத்துக்குக் கீழே. அந்தச் சரிவுக்கு நடுவில் ஊரார் கையில் மிஞ்சிய சொத்து என்று பார்த்தால் அந்த மாவின் பெயர்தான். 1986இல் ‘கிங் பிஸ்கட்’ பெயரில் ப்ளூஸ் விழா தொடங்கினார்கள். ஆண்டுதோறும் அக்டோபரில் ஆற்றங்கரையில் கூட்டம் கூடுகிறது. 1970களில் நியூயார்க்கில் தொடங்கி நாடெங்கும் ஒலித்த ஒரு ராக் இசை நிகழ்ச்சி இதே பெயரைத் தழுவிப் பெயர் வைத்திருந்தது. வணிகப் பெயர் உரிமைச் சிக்கலால் ஹெலனாக்காரர்கள் 2005இலிருந்து சில ஆண்டுகள் தங்கள் விழாவையே வேறு பெயரில் நடத்த நேர்ந்தது. தங்கள் ஊர் மளிகைக் கிடங்கில் பிறந்த பெயருக்கு அவர்களே அனுமதி கேட்கும்படி ஆனது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. பெயர் பிறகு திரும்பி வந்தது.

இப்போது நிகழ்ச்சி ஒலிபரப்பாவது செர்ரி தெருவில் உள்ள டெல்டா பண்பாட்டு மையத்திலிருந்து. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டுடியோ, இந்தப் பக்கம் பார்வையாளர்கள். பெய்னுக்குப் பிறகு வேறு குரல் வந்திருக்கிறது. திங்கள் முதல் வெள்ளிவரை மதியம் 12:15 ஆனதும் பழைய வாசகம் கேட்கும்: “பிஸ்கட்டை இந்தப் பக்கம் நகர்த்துங்க, கிங் பிஸ்கட் நேரம் வந்தாச்சு!”